35,000 ரூபாய் காருக்கு 61,800 ரூபாய் செலவு... மந்தைவெளி சான்ட்ரோவின் கணக்கு!

திங்கள், புதன், வெள்ளி. வாரத்தில் இந்த மூன்று நாளும் காலை 5.40 மணிக்கு மந்தைவெளியின் குறுகலான ஒரு தெருவில் அந்த கார் ஸ்டார்ட் ஆகியே தீர வேண்டும். 6 மணிக்கெல்லாம் அடையாறில் உள்ள மருத்துவமனையில் அம்மா டயாலிசிஸ் படுக்கையில் இருக்க வேண்டும். நான்கு மணி நேரம் ஓடும் மெஷின் அது. ஒருவர் தாமதமாகப் படுத்தால், அடுத்த ஷிஃப்ட்டுக்குக் காத்திருப்பவரும் தாமதமாகத்தான் படுப்பார். ‘வண்டி மக்கர் பண்ணிடுச்சு சிஸ்டர்’ என்பதை ஒரு முறை சொல்லலாம். ஒவ்வொரு வாரமும் சொல்ல முடியாது.

அம்மாவுக்கு 71 வயது. மகளுக்கு 44. காருக்கு 20.

ஹூண்டாய் சான்ட்ரோ ஜிங். 2005 அக்டோபரில் அப்பா வாங்கியது. வெள்ளி நிறம். ஓடோமீட்டர் காட்டுவது 1,64,000 கிலோமீட்டர். 2022-ல் அப்பா இறந்த பிறகு, கவர் போட்டு வீட்டு வாசலில் நின்றதுதான் அதிகம். மகளுக்கு தி.நகரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை. ஆபீஸுக்கு ஸ்கூட்டர் போதும். கார், கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பேட்டரி உயிரோடு இருக்க வேண்டுமே என்று மெரினா வரை ஒரு ரவுண்டு.

2025 ஜூனில் அம்மாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்ததும் எல்லாம் மாறிப்போனது. முதலில் கேப்தான் புக் செய்தார்கள். இரண்டாவது வாரத்திலேயே, மழை தூறிய ஒரு விடியற்காலையில், மூன்று டிரைவர்கள் அடுத்தடுத்து கேன்சல் செய்தார்கள். கடைசியில் வந்தது ஒரு ஆட்டோ. போகும்போது சமாளித்துவிட்ட அம்மா, திரும்பும்போது வாந்தி எடுத்தார். டயாலிசிஸ் முடிந்ததும் பலருக்கு ரத்த அழுத்தம் இறங்கும், தலை சுற்றும், உடம்பு துணிபோலத் துவளும். அந்த நிலையில் ஆர்.கே. மடம் சாலையில், மெட்ரோ ரயில் வேலைக்குத் தோண்டி மூடிய பள்ளங்களின் மேல் ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு வருவதை, போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அன்று மாலைதான் மகள் கார் கவரைக் கழற்றினார்.

‘தூக்கிப் போடு அக்கா!’

சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, வீடியோ காலில் காரைப் பார்த்ததுமே சொன்னது இதுதான். “தூக்கிப் போடு அக்கா. புதுசா ஒண்ணு எடு. டவுன் பேமென்ட் நான் தர்றேன்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் வாழும் ஊரின் கணக்கு அது. சிங்கப்பூரில் கார் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் சி.ஓ.இ. என்ற சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். அது பத்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதற்குப் பிறகு பெரிய தொகை கட்டி ஐந்தோ பத்தோ ஆண்டுக்கு நீட்டிக்கலாம். இல்லையென்றால் காரைப் பதிவிலிருந்து நீக்கிவிட வேண்டும். பத்து வயதிலேயே காருக்கு ‘வயசாகிவிட்டது’ என்று சொல்கிற ஊரில் இருந்துகொண்டு, 20 வயது சான்ட்ரோவைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

டெல்லியிலும் கிட்டத்தட்ட இதே பாட்டுதான். டீசல் கார் என்றால் 10 ஆண்டு, பெட்ரோல் என்றால் 15 ஆண்டு என்று பசுமைத் தீர்ப்பாயமும் உச்ச நீதிமன்றமும் போட்ட கோடு அங்கே வருடக்கணக்காக விவாதத்தில் இருக்கிறது. சென்னையில் அப்படி வயது வரம்பு இல்லை. தனியார் காருக்கு முதல் 15 ஆண்டுகள் ஆர்.சி. செல்லும். அதன்பின் ஒவ்வொரு ஐந்து ஆண்டுக்கும் வண்டியை நேரில் காட்டி, தகுதியானது என்று நிரூபித்துப் புதுப்பித்துக்கொள்ளலாம். இந்த சான்ட்ரோவுக்கு அப்பா 2020-ல் ஒரு முறை புதுப்பித்திருந்தார். அந்த ஐந்து ஆண்டு, 2025 அக்டோபரில் முடிகிறது.

ஆக, கையில் இருந்தது மூன்றரை மாதம். அக்டோபரில் இன்னொன்றும் வரும். வடகிழக்குப் பருவமழை.

பழைய கார் வாங்கி விற்கும் ஒருவரை அழைத்துக் காட்டினார் மகள். அவர் வண்டியைச் சுற்றி ஒரே ஒரு நடை நடந்தார். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. “முப்பத்தஞ்சு. அதுவும் அப்பா பேர்ல சிங்கிள் ஓனர்ங்கறதால” என்றார்.

35,000 ரூபாய். புது கார் என்றால் ஆறு லட்சத்துக்கு மேல். ஐந்து லட்சம் கடன் வாங்கினாலே, 9 சதவிகித வட்டியில் ஐந்து வருடத்துக்கு மாதம் பத்தாயிரத்துச் சொச்சம் இ.எம்.ஐ. டயாலிசிஸ், மருந்து, ரத்தப் பரிசோதனை என்று மாதம் பிறந்தாலே செலவு வரிசைகட்டி நிற்கும் வீட்டில், இன்னொரு பத்தாயிரம் என்பது சாதாரணத் தொகையில்லை.

ஆனால், முடிவை எடுக்க வைத்தது பணம் இல்லை. ஸீட்டின் உயரம்.

அம்மாவின் இடது கையில் ஃபிஸ்டுலா இருக்கிறது. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து உருவாக்குகிற பாதை அது. அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, பாரம் தாங்கக் கூடாது. நம் ஊரில் டிரைவருக்குப் பக்கத்து ஸீட் இடது பக்கம். அந்தப் பக்கக் கதவைத் திறந்து எழுந்திருக்க, எல்லோரும் இயல்பாக ஊன்றுவது இடது கையைத்தான். பக்கத்து வீட்டுக்காரரின் செடான் காரில் ஒருநாள் போனபோது, பள்ளத்தில் உட்கார்ந்தது போன்ற ஸீட்டிலிருந்து அம்மாவால் எழவே முடியவில்லை. சான்ட்ரோவில் அந்தக் கஷ்டம் இல்லை. காலை வெளியே திருப்பி வைத்தால், நாற்காலியிலிருந்து எழுவதுபோல எழுந்துவிடலாம்.

1998-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ வெளிவந்தபோது, ‘இது என்ன, காருக்குக் குல்லா போட்ட மாதிரி!’ என்று கிண்டல் செய்யாதவர்கள் குறைவு. அந்தக் குல்லாதான் ‘டால் பாய்’ டிசைன். நிமிர்ந்து உட்காரலாம், குனியாமல் ஏறி இறங்கலாம். ஷாருக் கான் விளம்பரத்தில் வந்ததைவிட, வீட்டுப் பெரியவர்களின் முழங்கால் இந்த காரை அதிகம் விற்றிருக்கும்!

“கம்ப்ரெஷன் பார்க்காம காசு வாங்க மாட்டேன்”

ராயப்பேட்டையில் 30 வருடமாகப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். எல்லோருக்கும் அவர் ‘பாய்’. அப்பா காலத்திலிருந்தே இந்த சான்ட்ரோவைத் தெரியும். மகள், “பாய், இதை தினமும் ஓட்டுற மாதிரி பண்ணித் தரணும்” என்றதும் அவர் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை.

“இருங்க மேடம். இன்ஜின் செத்திருந்தா, நானே வேணாம்னு சொல்லிடுவேன். கம்ப்ரெஷன் பார்க்காம காசு வாங்க மாட்டேன்” என்றார்.

பழைய காருக்குச் செலவு செய்ய நினைக்கும் எல்லோரும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு மீட்டரைப் பொருத்தி, இன்ஜினைச் சுழற்றிப் பார்ப்பார்கள். நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் காட்டினால், உள்ளே பிஸ்டன் ரிங்கும் வால்வும் ஒழுங்காக இருக்கின்றன என்று அர்த்தம். ஒன்று மட்டும் தொங்கினால், அதன்பின் டயர் வாங்குவதும் சஸ்பென்ஷன் மாற்றுவதும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான். சான்ட்ரோவில் நான்கும் சேர்ந்தே நின்றன.

இரண்டாவது சோதனை, துரு. பாய் தரை விரிப்பை முழுக்கக் கழற்றினார். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், உப்புக்காற்றில் 20 வருடம் நின்ற வண்டி. டிரைவர் ஸீட்டுக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் தகடு அரித்து, ரோடு தெரிந்தது. ஆனால், ஸ்க்ரூ டிரைவரால் தட்டித் தட்டிப் பார்த்ததில், வண்டியின் எலும்புக்கூடான நீள இரும்புகளும், சஸ்பென்ஷன் வந்து உட்காரும் இடங்களும் திடமாக இருந்தன. “தோல்லதான் புண்ணு. எலும்பு நல்லாருக்கு” என்றார். தகடு வைத்து வெல்டிங் அடித்து, துருத் தடுப்பு பூசியதற்கு 2,300 ரூபாய்.

மூன்றாவதாக அவர் கேட்டது, அப்பாவின் நோட்டுப் புத்தகத்தை.

ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் தேதி, லிட்டர், கிலோமீட்டர் எழுதி வைக்கும் வழக்கம் அப்பாவுக்கு. எந்த சர்வீஸ், என்ன மாற்றினார்கள், எவ்வளவு என்று எல்லாமே அதில் உண்டு. அரசு ஊழியர் கையெழுத்தில் வரிசையாக. அதில் 2014-ஆம் வருடத்துப் பக்கத்தில் ‘டைமிங் பெல்ட், 88,000’ என்று ஒரு வரி. அதற்குப் பிறகு அந்தச் சொல் எங்கேயும் இல்லை.

பாய் முகம் மாறியது அந்த இடத்தில்தான். டைமிங் பெல்ட் என்பது இன்ஜினின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் ஒரே தாளத்தில் வைத்திருக்கும் ரப்பர் பட்டை. அது தேய்வது வெளியே தெரியாது, சத்தமும் வராது. ஒருநாள் அறுந்துபோகும். அறுந்தால், பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பிறகு இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். இந்த பெல்ட் 76,000 கிலோமீட்டரும் 11 வருடமும் ஓடியிருந்தது. கழற்றிப் பார்த்தபோது, பற்களின் அடியில் நகத்தால் கீறியது போல வரிசையாக விரிசல். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் பிரித்த கையோடு சேர்த்து மாற்றியதற்கு 5,800 ரூபாய். அந்த நோட்டு மட்டும் இல்லையென்றால், ‘நல்லாத்தானே ஓடுது’ என்று அதை அப்படியே விட்டிருப்பார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. 20 வருடத்தில் 1,64,000 கிலோமீட்டர் என்றால், வருடத்துக்கு 8,200தான். ஓட்டம் அதிகமில்லை. ஆனால், இரும்பு கிலோமீட்டரைக் கணக்கு வைத்துக்கொள்ளும். ரப்பர் வருடத்தைக் கணக்கு வைத்துக்கொள்ளும். சென்னை வெயிலில் நிற்கும் வண்டிக்கு இது இன்னும் பொருந்தும். இந்த காரில் மாற்றியவற்றில் பெரும்பாலானவை ரப்பர்தான். பெல்ட், ஹோஸ், புஷ், இன்ஜின் மவுன்ட், டயர்.

டயரைப் பார்த்து மகளே ஏமாந்திருப்பார். பட்டன் எல்லாம் பளிச்சென்று இருந்தது. பாய் டயரின் பக்கச் சுவரில் ஓவல் கட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கத்தைத் துடைத்துக் காட்டினார். 2316. அதாவது 2016-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. ஒன்பது வயது. பக்கவாட்டில் முடி போல வெடிப்புகள். நான்கும் மாற்றியதில் 13,600 ரூபாய். மொத்த பில்லிலேயே பெரிய தொகை இதுதான். மகள் கொஞ்சம் தயங்கியதும் இங்கேதான். “ரெண்டு மாத்தினா போதாதா பாய்?” பாய் கையைத் துடைத்துக்கொண்டே, “மழைக்காலம் வருது. அம்மாவைக் கூட்டிட்டுப் போற வண்டி” என்று மட்டும் சொன்னார்.

அவருக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வண்டி நிற்க வேண்டும். அப்புறம் ஓட வேண்டும். அப்புறம் சூடாகாமல் இருக்க வேண்டும். குலுங்காமல் இருப்பதும் குளிர்வதும் அதற்குப் பிறகு. அலங்காரம் அவர் பட்டியலிலேயே இல்லை. பிரேக் பேட், பின்பக்க டிரம் ஷூ, வீல் சிலிண்டர், பிரேக் ஆயில் என்று 6,300 ரூபாயில்தான் வேலையைத் தொடங்கினார். ரேடியேட்டரைத் திறந்தால் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர். யாரோ, எப்போதோ, கூலன்ட்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். நம் ஊர் உப்புத் தண்ணீரில் பாத்திரம் என்ன ஆகுமோ, அதுதான் ரேடியேட்டருக்கும் ஆகும். ரேடியேட்டர், அதன் ஹோஸ்கள், கூடவே பெட்ரோல் ஹோஸ் எல்லாம் சேர்த்து 6,200.

பெட்ரோல் ஹோஸ் எதற்கு? இப்போது பங்க்கில் வருவது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல். இந்த கார் தயாரானபோது அப்படி ஒன்றை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், சில பழைய ரப்பர்களை உப்ப வைக்கும். மகளுக்கு சில நாள்களாகவே காருக்குள் லேசாகப் பெட்ரோல் வாசனை வந்துகொண்டிருந்தது. ஹோஸைத் தொட்டுப் பார்த்தால் மிட்டாய்போல மெத்தென்று இருந்தது. எத்தனாலாலா, வயதாலா என்று சண்டை போடாமல் மாற்றிவிட்டார்கள். அப்பாவின் நோட்டில் 15 கிலோமீட்டர் கொடுத்த மைலேஜ் இப்போது 12, 13-ல் நிற்கிறது. இதில் எத்தனாலின் பங்கு எவ்வளவு, லஸ் கார்னர் டிராஃபிக்கின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

சஸ்பென்ஷனுக்கு 11,400. இன்ஜின் மவுன்ட்டுக்கு 3,900. இந்த இரண்டையும் தள்ளிப் போட்டிருக்கலாம், வண்டி ஓடியிருக்கும். ஆனால், சிக்னலில் நிற்கும்போது ஸீட் வழியாக உடம்பெல்லாம் அதிரும் அந்த அதிர்வுதான் அம்மாவின் வாந்திக்குப் பாதிக் காரணம் என்று மகளுக்குத் தோன்றியது. ஏ.சி-க்கு 8,200. இதற்கு முன் இரண்டு கோடைகளில், இரண்டு இடங்களில், ‘கேஸ் குறைஞ்சிருக்கு’ என்று நிரப்பி அனுப்பியிருந்தார்கள். கேஸ் தானாகக் குறையாது, எங்கேயோ கசிகிறது என்பதை யாரும் சொல்லவில்லை. கண்டென்ஸரின் ஓரத்தில் குண்டூசி முனை அளவு ஓட்டை இருந்தது. பேட்டரி 4,100.

கிளட்ச் பிளேட்டையும் மாற்றிவிடலாமா என்று கேட்டபோது பாய் மறுத்துவிட்டார். “இன்னும் ஒரு வருஷம் வரும். வரும்போது பார்த்துக்கலாம்.” வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த மெக்கானிக் கிடைப்பது, நல்ல கார் கிடைப்பதைவிட அபூர்வம்.

சாமான் வாங்குவதற்கும் ஒரு விதி. புது பார்ட்ஸ் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. பழசு என்றால் புதுப்பேட்டை. எழும்பூருக்குப் பக்கத்தில், பிரித்துப் போட்ட கார்களின் கதவும் பம்பரும் டேஷ்போர்டும் மாடி உயரத்துக்கு அடுக்கிக் கிடக்கும் அந்தத் தெருக்களில், நின்றுபோன மாடல்களுக்கும் உதிரிபாகம் கிடைக்கும். சான்ட்ரோ ஜிங் 2014-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. கதவுக் கைப்பிடி, பக்கக் கண்ணாடி, பின் லைட் கவர் மூன்றையும் பாய் புதுப்பேட்டையில் எடுத்தார். பிரேக், ரப்பர், பெல்ட் மூன்றையும் அங்கே தொடவே கூடாது என்பது அவர் கட்டளை.

மொத்தம் 61,800 ரூபாய். ஒரே மாதத்தில் அல்ல. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று மூன்று சம்பளங்களில். ஒவ்வொரு முறையும் வண்டி, டயாலிசிஸ் இல்லாத செவ்வாயோ சனியோ பட்டறைக்குப் போகும், மறுநாள் திரும்பிவிடும்.

“35,000 ரூபாய் வண்டிக்கு 62,000 செலவு பண்ணியிருக்கே. நீ ஆடிட்டர் ஆபீஸ்லதானே வேலை பார்க்கறே?” தம்பி சிரித்தார்.

மகள் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் அனுப்பினார். மந்தைவெளியிலிருந்து அடையாறுக்கு கேப், சராசரியாக 180 ரூபாய். மாதம் 13 தடவை, போக வர 4,680. அப்படிப் பார்த்தால் 13 மாதங்களில் செலவு கழிந்துவிடும். விற்கப் போகிறவருக்குத்தான் விலை 35,000. தினமும் ஓட்டப் போகிறவருக்கு அது வேறு தொகை.

தம்பி விடவில்லை. அடுத்து அவர் கேட்ட கேள்விக்கு மகளிடம் பதில் இல்லை. “ஏர்பேக் இருக்கா அக்கா? ஏ.பி.எஸ்?”

இல்லை. 2005-ல் இந்த மாடலில் இரண்டுமே இல்லை. புது கார்களில் டிரைவர் பக்க ஏர்பேக் கட்டாயமானதே 2019 ஜூலையில்தான். எத்தனை புஷ் மாற்றினாலும், ஒரு பழைய காரை இன்றைய பாதுகாப்புத் தரத்துக்குக் கொண்டுவர முடியாது. புகையும் அப்படித்தான். இது பி.எஸ்-3 காலத்து இன்ஜின், இன்றைய பி.எஸ்-6 வண்டியோடு போட்டியிட முடியாது. பழைய காரைப் புதுப்பிப்பது பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் மழுப்பிவிட்டுப் போகும் இடம் இது. மகள் மழுப்பவில்லை. அன்றே ஒரு முடிவெடுத்தார். இந்த கார் ஊரைத் தாண்டாது. இ.சி.ஆர் கிடையாது, பைபாஸ் கிடையாது, காஞ்சிபுரம் கிடையாது. மந்தைவெளி, அடையாறு, கோட்டூர்புரம் பாலம் வழியாக தி.நகர், மீண்டும் வீடு. அந்த ரோடுகளில் 40-ஐத் தாண்ட, நினைத்தாலும் முடியாது! பின் ஸீட்டிலும் பெல்ட் போடாமல் வண்டி நகராது.

பளபளப்பு வேறு, ஓட்டம் வேறு

பாலீஷ் போட்டிருக்கலாமே, பெயின்ட் அடித்திருக்கலாமே என்று உறவினர்கள் கேட்டார்கள். பானெட்டில் வெயில் தின்ற வெள்ளைத் திட்டு இன்னும் இருக்கிறது. முன் லைட்டின் மஞ்சளை மட்டும் தேய்த்து எடுத்தார்கள். அதுவும் அழகுக்காக அல்ல, விடியற்காலை இருட்டில் பாதை தெரிய வேண்டுமே என்பதற்காக.

பழைய வண்டியை மீட்பதில் இரண்டு வகை இருக்கிறது. இந்தியாவின் முதல் மாருதி 800-ஐ 1983 டிசம்பர் 14-ல் பிரதமர் இந்திரா காந்தி கையால் சாவி வாங்கியவர், டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங். 2010-ல் இறக்கும்வரை அவர் அந்த காரை விற்கவே இல்லை. அவர் மறைவுக்குப் பிறகு வீட்டு வாசலில் வெயிலிலும் மழையிலும் துருப்பிடித்துக் கிடந்த அதன் படங்கள் பலரையும் சங்கடப்படுத்தின. பின்னாளில் மாருதி நிறுவனமே அதைப் பழைய நிலைக்கு மீட்டு, தன் தலைமையகத்தில் காட்சிக்கு வைத்தது. ஒவ்வொரு ஸ்க்ரூவும் 1983-ல் இருந்தபடி. அது மீட்பு. அந்த கார் இனி யாரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டியதில்லை. மந்தைவெளி சான்ட்ரோவில் நடந்தது வேறு. இங்கே ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரே கேள்விதான்: ‘இது இல்லாவிட்டால், புதன்கிழமை காலை வண்டி நின்றுவிடுமா?’

செப்டம்பர் கடைசியில் ஆர்.சி. வேலை. படிவம் 25, இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ். 15 ஆண்டு தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலிலேயே 600-லிருந்து 5,000 ரூபாய் ஆகியிருந்தது. 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசு, 20 ஆண்டு தாண்டும் கார்களுக்கு அதை 10,000 ஆக்கியது. சரியாக இந்த சான்ட்ரோவுக்கு 20 வயது ஆகும் நேரம் பார்த்து! மகள் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார். பசுமை வரி தனி.

இன்ஸ்பெக்டர் லைட், இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் பார்த்தார். சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்த காகிதத்தை ஒப்பிட்டார். சிறிது தூரம் ஓட்டி பிரேக் அழுத்திப் பார்த்தார். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. 2030 வரை ஆர்.சி.

அத்தோடு எல்லாம் சுபம் என்று நினைத்தால், பழைய கார் அப்படி விடுமா? அக்டோபர் மூன்றாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை காலை 11 மணி. டயாலிசிஸ் முடிந்து, அம்மா பக்கத்து ஸீட்டில் கண் மூடிச் சாய்ந்திருக்கிறார். திரு.வி.க. பாலத்தைத் தாண்டி கிரீன்வேஸ் சாலை திருப்பத்தில் வண்டிகள் நகரவே இல்லை. டெம்ப்ரேச்சர் முள் மெதுவாக ஏறுகிறது. பாதி, முக்கால், சிவப்புக்கோட்டுக்கு ஒரு விரற்கடை.

மகள் ஏ.சி-யை அணைத்தார். ஜன்னல்களை இறக்கினார். பாய் சொல்லிக்கொடுத்திருந்தபடி, ஹீட்டரை முழு வேகத்தில் திருப்பினார். இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துவிட்டால், முள் இறங்கும். காருக்குள் அடுப்படிபோல அனல். அம்மா கண் திறந்து, “என்னடி, வெயில் இவ்வளவு அடிக்கறது?” என்று கேட்டுவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். முள் நின்றது. ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, மகள் போன் செய்தது மெக்கானிக்குக்கு அல்ல. மந்தைவெளி ஸ்டாண்டில் இருக்கும் தெரிந்த ஆட்டோக்காரருக்கு. பத்தே நிமிடத்தில் வந்தார். “அம்மாவை மெதுவா இறக்குங்க அக்கா, நான் புடிச்சுக்கிறேன்” என்று வலது கைப் பக்கமாக வந்து நின்றார். இடது கையைத் தொடக் கூடாது என்பதை அவரும் கற்றுவைத்திருந்தார்.

ரேடியேட்டர் ஃபேனின் ரிலே. பழையது, யாரும் மாற்ற நினைக்காத, தீப்பெட்டி அளவுச் சாமான். விலை 450 ரூபாய். “எல்லாத்தையும் புதுசாக்கினா, மிச்சம் இருக்கற பழசுல எது வீக்கோ அது முன்னாடி வந்து நிக்கும் மேடம். முதல் ஆறு மாசம் இப்படித்தான்” என்றார் பாய். ஆறு மாசம் என்று அவர் சொன்னதை மகள் அப்பாவின் நோட்டில் தேதியோடு எழுதிவைத்தார். டேஷ்போர்டில் இப்போது ஒரு ஸ்பேர் ரிலே, இரண்டு ஃபியூஸ், கூலன்ட் அரை லிட்டர், ஆட்டோக்காரரின் நம்பர் எழுதிய அட்டை எல்லாம் இருக்கின்றன. அவருக்கு மாதா மாதம் ஒரு சின்னத் தொகையும் போய்ச் சேர்கிறது. வண்டியை நம்பாமல் அல்ல. ஒரே ஒரு வண்டியை மட்டும் நம்பி டயாலிசிஸுக்குப் போகக் கூடாது என்பதால்.

மழைக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. கனமழை எச்சரிக்கை வந்தால், முந்தைய இரவே கார் மேடான பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். வேளச்சேரிக்காரர்கள் பாலத்தின் மேல் கார்களை நிறுத்துவதைப் பார்த்துச் சிரித்தவர்கள் யாரும் இப்போது சிரிப்பதில்லை. தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருகவே கூடாது, இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும் என்று பாய் மூன்று முறை சொல்லியிருக்கிறார்.

டிசம்பரில் தம்பி இரண்டு வார லீவில் வந்தார். ஒரு புதன்கிழமை, அவர்தான் அம்மாவை ஓட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் சாவியை மாட்டிவிட்டு, “ரிவர்ஸ் கேமரா ஒண்ணு போடலாமா அக்கா?” என்றார்.

அம்மா ஹாலிலிருந்தே, “அதெல்லாம் அப்புறம். பின்னாடி இடது ஜன்னல் பாதியிலயே நிக்கறது, அதை முதல்ல பாருங்கோ” என்றார்.

ஜன்னலை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர் அது. புதுசாக எங்கும் கிடைக்கவில்லை. புதுப்பேட்டையில் பாய் சொல்லி வைத்திருக்கிறார்.